வாசலைப் பார்த்த மெஷின்

இந்த மெஷின வாசலப் பார்த்துத் திருப்பி வெச்சது யாருங்க?

இல்லீங்க, சும்மாதான் கேட்டேன். நீங்க கூட்டுங்க, கூட்டுங்க. உங்க வேலையக் கெடுக்க வரல. போர்டு பார்த்துட்டுத்தான் உள்ள வந்தனுங்க. பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் பெண்கள் நேரம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குது. இப்ப மணி ஒம்பதே முக்கால்தானுங்களே. ஜெனோவா மேடம்ங்கறது நீங்கதானுங்களா? உங்க பேரும் போர்டுல இருக்குது. பொம்பளையாள் ஒருத்தரு தனியா நின்னு ஜிம் நடத்தறதுன்னா லேசுப்பட்ட காரியமா? நல்லா இருங்க.

நான் மோகனசுந்தரமுங்க. திருப்பூர். ராத்திரி பஸ் ஏறி விடியக்காலம் தூத்துக்குடி வந்து எறங்கினேன். பஸ் ஸ்டாண்டுலயே மூஞ்சி கழுவிட்டு, ஒரு டீயக் குடிச்சுட்டு, நடந்தே வந்தேன். பனியன் கம்பெனில குவாலிட்டி செக்கிங்ல இருக்கறனுங்க, இருவது வருஷமாச்சு. என்ற கண்ணுக்குத் தப்பு மட்டுந்தான் தெரியும்னு கம்பெனில சிரிப்பாங்க. உண்மைதானுங்க. நூறு பீஸ் அடுக்கி வெச்சா அதுல தையல் விட்டுப்போன ஒண்ணு என்னைப் பார்த்துக் கையாட்டும். இந்தா பாருங்க, இந்த ஸ்டிக்கர். செவப்பு அம்புக்குறி. தப்பு எங்க இருக்குதோ அங்க ஒட்டிருவோம். பேசவே வேண்டியதில்ல. ஒட்டுனா டெய்லருக்குத் தெரிஞ்சுரும். எங்க போனாலும் ஒரு ரோல் பாக்கெட்டுல கெடக்கும், பழக்கம்.

அதனாலதானுங்க உள்ள வந்ததுமே அதைக் கேட்டேன். இந்தப் படகுத் துடுப்பாட்ட இழுக்கற மெஷின எல்லா ஜிம்முலயும் சுவத்தப் பார்த்துத்தான் போடுவாங்க. சுவத்தப் பார்த்தாத்தான் கவனம் செதறாது. இங்க மட்டும் வாசலப் பார்த்து இருக்குது. உக்காந்தா முதுகு சுவத்தோட ஒட்டிக்கும். பின்னாடி ஒருத்தர் நிக்கறதுக்கு எடமே இல்ல. அப்பறம் எப்படிங்க தப்பைத் திருத்தறது?

ஒரு மெம்பர் இப்படி வெக்கச் சொல்லிக் கேட்டாங்களா. ம். கேட்டிருப்பாங்க.

எனக்குத்தான் மொதல்ல முதுகு வலி. நின்னு நின்னு பீஸ் பார்க்கற வேலை. டாக்டர் இதை ஓட்டச் சொன்னாரு. வாங்கி வீட்டு முன்ரூம்ல போட்டனுங்க. எல்லாரும் நெனைக்கற மாதிரி இது கைக்கு வேலை கெடையாது. பிடிய வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கறவன் ஒரு வாரத்துல முதுகப் புடிச்சுட்டு உக்காந்துருவான். மொதல்ல கால். பலகைய ஒதைச்சுத் தள்ளணும். சீட்டு பின்னாடி போகும். கால் நீண்டப்பறம் முதுகு லேசாச் சாயணும். கடைசியிலதான் கை, பிடி நெஞ்சுக்குக் கீழ வந்து தொடணும். திரும்பறப்ப அப்படியே தலைகீழ். கை, முதுகு, கால். கால், முதுகு, கை. கை, முதுகு, கால். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவைப் புடிக்க எனக்கு எட்டு மாசமாச்சு. வீடியோ பார்த்தேன், நோட்டுப் போட்டு எழுதினேன். நான் ஒண்ணை எடுத்தா அரைகொறையா விடற ஆளில்லீங்க.

இந்தத் திரையில ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கோடு வரும் பாருங்க. சரியா இழுத்தா ஒரே மேடு. ஏறி, வழுவழுன்னு எறங்கும். தப்பா இழுத்தா நடுவுல பள்ளம் விழுந்து ரெண்டு மேடா வரும், ஒட்டக முதுகாட்ட. கால் தள்ளறதுக்கு முன்னாடியே தோள் பதறிப்போய் மேல தூக்கிக்குதுன்னு அர்த்தம்.

என்ற சம்சாரம் கோகிலவாணிக்கு ரெண்டு மேடு.

தண்ணிங்களா? வேண்டாங்க. சரி, அங்க வைங்க.

அவளை நான்தான் ஏத்தி உக்கார வெச்சேன். வீட்ல சும்மாதானே இருக்கற, ஏறு அம்மணின்னேன். மொத நாளே நல்லா ஓட்டினா. பொறந்தது தாராபுரம் பக்கம், தோட்டம் காட்டு வேலை செஞ்ச ஒடம்பு, கால்ல அவ்வளவு பலம். ஓட்டி முடிச்சுட்டு, வேர்க்க வேர்க்கச் சிரிச்சா. ஏனுங்க, காத்துல போறாப்புல இருக்குதுன்னா. அப்பெல்லாம் அவ கோடு எப்படி இருந்துச்சுன்னு நான் பார்க்கலைங்க. பார்த்திருக்கணும். அதுதான் என்ற தப்பு.

மூணாம் மாசம் ரெண்டாயிரம் மீட்டர் டைம் வெச்சோம். நான் எட்டு நிமிஷம் நாப்பத்தெட்டு செகண்ட். அவ எட்டு நாப்பத்தொண்ணு.

எனக்குச் சந்தோஷந்தானுங்க. யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது, சொல்லுங்க. அவ தம்பிக்குப் போன் போட்டு, மாமன ஜெயிச்சுட்டன்டான்னு கத்தினா. நான் பக்கத்துல நின்னு சிரிச்சுட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு ராத்திரி படுத்து ரோசனை பண்ணினப்பத்தான் பட்டுச்சு, டைம் என்ன டைம், முரட்டுத்தனமா இழுத்தா எவனுக்கும் டைம் வரும், டெக்னிக்குத்தான் முக்கியம்னு. அடுத்த நாள்லேர்ந்து மெஷின சுவத்தப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். நான் பின்னாடி நின்னுக்கிட்டேன்.

நின்னதுலதான் கண்டுபுடிச்சேன், இடது தோள் தூக்கறான்னு. அதுவரைக்கும் எனக்குத் தெரியவே இல்ல பாருங்க. பின்னாடி நின்னு பார்த்தாத்தான் தெரியுது. காது வரைக்கும் தூக்கறா. தோள எறக்கும்பேன், எறக்குவா. நாலு இழுப்பு, மறுபடி தூக்கிக்கும். கம்பெனி ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணு இருக்குதுங்க என்கிட்ட, அளவு பார்க்கறது. அத வெச்சு லேசாத் தொட்டுக் காட்டுவேன். நான் கை நீட்டறவன் இல்லீங்க, எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க. தொட்டுக் காட்டறதுதான். தொடத் தொட இன்னும் எச்சாத் தூக்குவா. நான் ஸ்கேல எடுத்தாலே தூக்கும். கடைசியில எப்படி ஆச்சுன்னா, நான் சமையல்கட்டுக்குள்ள தண்ணி குடிக்கப் போனாக்கூட, அவ பாத்திரம் கழுவிட்டு இருப்பா, அப்பவும் அந்தத் தோள் காதுக்குப் போகும். அவ்வளவு ஊறிப்போன தப்பு.

அப்பறந்தான் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிச்சது. வாய் வலிக்கக் கத்தறதுக்கு இது மேல், இல்லீங்களா? தோள்ல ஒண்ணு, முழங்கையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. ஓட்டி முடிச்சதும் கண்ணாடியில பார்த்துத் தெரிஞ்சுக்கன்னு சொல்லுவேன். ஒரு தடவ அவ சித்தப்பா வீட்டுக் கண்ணாலம். அவசரத்துல ஜாக்கெட்டு முதுகுல ஒண்ணு எப்படியோ ஒட்டிக்கிச்சு, அதோடவே வந்துட்டா. ஒறம்பரை சனமெல்லாம் பின்னாடி நின்னு சிரிச்சிருக்குது. மணமேடைகிட்ட ஒரு சின்னப் புள்ள எடுத்துக் குடுத்து, அத்தே, உங்களுக்கு எங்க தப்புன்னு கேட்டுச்சாமா. வீட்டுக்கு வந்து அழுதா. எதுக்கு அழுவறன்னு எனக்குப் புரியவே இல்லீங்க. நான் கம்பெனில ஒரு நாளைக்கு முந்நூறு ஒட்டறேன். ஒரு பீஸாவது அழுதிருக்குமா?

என்னமோ ஜோக்கு சொன்னா சிரிக்க மாட்டேங்கறீங்க.

போன்ல மெசேஜுங்களா? பாருங்க பாருங்க. ஜிம் நடத்தறவங்களுக்கு ஆயிரம் மெசேஜ் வரும். நான் வந்து நின்னதுலேர்ந்து மூணு தடவ எடுத்துட்டீங்க, அதான் பார்த்தேன். தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாத்தையும் பார்த்துக் கணக்கு வெச்சுக்கறது என்ற தொழில் புத்தி.

அவங்கப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்னைக்கும் அவ மெஷின்லதான் இருந்தா. காலையில ஆறரை. அவ தம்பி போன் பண்ணறான், நான்தான் எடுத்தேன். மாமா, அப்பாவுக்கு ரொம்ப முடியல, அக்காவப் பார்க்கணும்ங்கறாரு, உடனே வாங்கன்னான். சரி வரோம்னு வெச்சுட்டேன். திரும்பிப் பார்த்தா, அன்னைக்கின்னு பார்த்து ஒட்டக முதுகு கொஞ்சம் அமுங்கி வருது. ஆறு மாசத்துல மொத தடவ. பாக்கி அறுநூறு மீட்டர். நடுவுல எந்திரிக்கக் கூடாதுங்கறது எங்க வீட்ல சட்டமுங்க, எதுக்காகவும் எந்திரிக்கக் கூடாது, முடிச்சுட்டுத்தான். இப்ப சொன்னா தோள் தூக்கிக்கும். ரெண்டரை நிமிஷந்தானே. முடிக்கட்டும்னு நின்னேன். முடிச்சா. சொன்னேன்.

நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள தவறிட்டாருங்க. ஒரு அஞ்சு நிமிஷம் முந்தித்தான் போச்சுன்னாங்க. வழியில ரோட்டு வேலை வேற. அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம், விதி. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

மூணாம் நாளு, வாசல்ல பந்தல் கூடப் பிரிக்கல, அவ என் பக்கத்துல வந்து உக்காந்தா. ஏனுங்க, தம்பி போன் பண்ணினப்ப எத்தனை மீட்டர் இருந்துச்சுன்னு கேட்டா. அறுநூறுன்னேன். உண்மையத்தானுங்களே சொல்லணும். அழவும் இல்ல. அறுநூறான்னா, எந்திரிச்சுப் போயிட்டா.

அதுக்கப்பறம் ஓட்டறப்ப அவகிட்ட ஒரு மாதிரி பிடிவாதம் வந்துருச்சு. நான் சொல்றதுக்கு மின்னயே தோள் தூக்கி நிக்குது. ஒரு ஞாயித்துக்கெழமை நான் பொறுமையா, இந்தக் கையால, அந்தத் தோள கீழ அமுத்திப் புடிச்சுட்டு, இப்ப இழுன்னேன். முடியலைங்கன்னா. இழுன்னேன். இழுத்தா. எலும்பு வெலகிருச்சு. படக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நான் அமுத்தினதால இல்லீங்க. அவ தூக்கினதால. நான் கீழ அமுத்த, அவ மேல தூக்க, நடுவுல எலும்பு என்ன பண்ணும்? எறக்கியிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது. இதை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லிட்டேன், ஒருத்தருக்கும் புரிய மாட்டேங்குது. ஆஸ்பத்திரியில கேட்டாங்க, எப்படியாச்சுன்னு. சீட்டு வழுக்கிருச்சுன்னு நானே சொல்லிட்டேன், அவளுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதில்ல. ஒரு நர்சம்மா, நீங்க வெளிய இருங்க சார்னுச்சு. நான் வெளிய இருந்தேன். அந்தக் கதவு தொறக்கறப்ப அவ மூஞ்சியே வேற.

அப்பறம் நடந்ததெல்லாம் தெரு சிரிச்ச கதை. தம்பி வந்தான், மகளிர் ஸ்டேஷனுக்குப் போனாங்க, அங்க என்கிட்ட எழுதி வாங்கினாங்க, அவ இருக்கற பக்கம் வர மாட்டேன்னு. வந்தா உள்ள போடுவோம்னு அந்த இன்ஸ்பெக்டரம்மா மொறைச்சாங்க. கையெழுத்துப் போட்டேன். ஒரு கையெழுத்துல என்னங்க இருக்குது. தாலி கட்டினவனுக்கு ஒரு ஸ்டேஷன் காகிதமா குறுக்க நிக்கும்? அவ எங்க போனான்னு எவனும் சொல்லல. போன் நம்பர மாத்திட்டா. போட்டோவெல்லாம் அழிச்சுட்டா. பேங்குல, ஆதார்ல, எங்கயோ எதையோ எல்லாத்தையும் மாத்திட்டா. நல்லாப் படிச்ச புள்ள மாதிரி ஒவ்வொண்ணா.

ஒண்ணை மட்டும் அழிக்கல.

இந்த மெஷினுக்கு ஒரு ஆப் இருக்குதுங்களே. ஒவ்வொரு நாள் ஓட்டினதும் அதுல சேரும், தூரம், நேரம், கோடு எல்லாம். அவ பேர்ல அதைத் தொறந்து குடுத்தது நான். பாஸ்வேர்டு போட்டதும் நான். ஒண்ணரை வருஷத்துல ஏழு லட்சத்துச் சொச்சம் மீட்டர் ஓட்டியிருக்கா அதுல. அதை விட்டுட்டுப் புதுசா ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்க அவளுக்கு மனசு வருமா? ஓட்டினவங்களுக்குத்தான் தெரியும் அந்த வேதனை. புருஷன விட்டுட்டுப் போயிரலாம், ஏழு லட்சம் மீட்டர விட்டுட்டுப் போக முடியாது.

நாலு மாசம் அது அசையவே இல்ல. நான் தெனமும் காலையில தொறந்து பார்ப்பேன். வீட்ல அந்த மெஷினோட காத்தாடிச் சத்தம் இல்லாம எனக்குச் சோறு எறங்கல, தெரியுங்களா? போன மாசம் ஒரு நாள், ஐநூறு மீட்டர். மெதுவா. அடுத்த நாள் ஐநூறு. அப்பறம் ஆயிரம். தோள் சரியாகி வர்றவங்க ஓட்டற கணக்கு. ஒரு வாரம் கழிச்சு ஒரு குழுவுல சேர்ந்தா. குழுவுக்குப் பேரு உங்க ஜிம் பேரு. ஊர் பேரும் போட்டிருந்துச்சு. தெனம் பத்தேகாலுக்கு ஆரம்பிப்பா. ஞாயித்துக்கெழமை இல்ல.

அப்படிப் பேர் யாரும் இங்க இல்லையா? ம். வேற பேர் சொல்லியிருப்பா.

மேடம், நான் அவளை இழுத்துட்டுப் போகவெல்லாம் வரல. அப்படிப் பார்க்காதீங்க. நேத்துக் காலையில ஒரு கோடு வந்துச்சு, அதைப் பார்த்துட்டுத்தான் பஸ் ஏறினேன். இந்தா, போன்லயே காட்டறேன். பாருங்க. ஒரே மேடு. வழுவழுன்னு, நடுவுல ஒரு சொட்டுப் பள்ளம் இல்ல. முந்தாநாளும் அப்படித்தான். ஒரு மாசமா அப்படித்தான். நான் ஒண்ணரை வருஷம் ஸ்கேல புடிச்சுட்டு நின்னு வராத கோடு, இங்க வந்து ஒரு மாசத்துல எப்படி வந்துச்சு?

யாரோ திருத்தியிருக்காங்க. அது யாருன்னு எனக்குத் தெரியணும். அது தெரியாம நான் ஊருக்குப் போக மாட்டேன்.

நீங்களா?

யாருமே சொல்லித் தரலையா? அவளா உக்காந்து ஓட்டினாளா? பொய் சொல்லாதீங்க அம்மணி. மன்னிச்சுக்குங்க, மேடம். ஆனா பொய் சொல்லாதீங்க. தானா எந்தத் தப்பும் சரியாகாது. இருவது வருஷமாப் பார்க்கறேன், எந்தத் தையலும் தானாச் சேர்ந்துக்காது. எவனோ ஒருத்தன் பின்னாடி நின்னிருக்கான்.

சுவரா? பின்னாடி சுவர்தான் இருக்குதுங்கறீங்களா?

நல்லாப் பேசறீங்க.

அப்படிப் பேரே இல்லைன்னீங்க, இந்தக் கால் பலகையப் பாருங்க. ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் ஓட்டை இருக்குது, பாத அளவுக்கு. மூணுல மாட்டியிருக்குது. அவ பாதத்துக்கு மூணு. இழுக்கற கனத்த மாத்தற காத்தாடி நெம்புகோல் நாலுல இருக்குது. அவளுக்கு நாலு. பட்டைய இழுத்து மிச்ச வால உள்ளுக்க மடிச்சுச் சொருகியிருக்குது. இப்படி மடிச்சுச் சொருகணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னு நெனைக்கறீங்க? நேத்து பத்தேகாலுக்கு இதுல உக்காந்தவ இன்னைக்குப் பத்தேகாலுக்கும் வருவா. இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்குது. நான் காத்துட்டு இருக்கேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல.

மறுபடியும் போன்ல மெசேஜா. அவளுக்குத்தான் அனுப்பறீங்கன்னா, நான் வந்திருக்கறேன்னே அனுப்புங்க. ஒளிச்சு வெக்க என்ன இருக்குது? நல்லதுக்குத்தான் வந்திருக்கேன்னு சேர்த்து அனுப்புங்க. ஒரே ஒரு தடவ என் முன்னாடி ஓட்டிக் காட்டட்டும். நான் பின்னாடி நிக்கணும், அவ ஓட்டணும், அப்பவும் ஒரே மேடு வந்துச்சுன்னா நான் வாயத் தொறக்காமப் போயிர்றேன். வரலைன்னா, அப்பறம் பேசிக்கலாம்.

அதுக்கு மொதல்ல இதைச் சரியாத் திருப்பணும். இல்ல இல்ல, நீங்க புடிக்க வேண்டாம், சக்கரம் இருக்குது, நானே தள்ளிக்குவேன். விடுங்க. கைய எடுங்கன்னேன். ஆங். இப்பப் பாருங்க, சுவத்தப் பார்த்து நிக்குது. இதுதானுங்க மொறை. எங்க வீட்ல இருக்கறாப்புலயே இருக்குது.

ஓட்டிக் காட்டச் சொல்றீங்களா? நானா?

ஏன், தாராளமா. எட்டு மாசம் கத்துக்கிட்டதை நீங்களும் ஒரு தடவ பார்த்துக்குங்க, உங்க மெம்பருங்களுக்குச் சொல்லித் தர உதவும். எத்தனை வைக்கட்டும்? ரெண்டாயிரமா? சரியான ஆளுதான் நீங்க. என்ற பாதத்துக்கு அஞ்சாம் ஓட்டை. ஒரு நிமிஷம். ம்.

கால், முதுகு, கை. பார்த்தீங்களா. கை, முதுகு, கால். அவசரமே படக்கூடாது. திரையப் பாருங்க. ஒரே மேடு. என்னோடது எப்பவும் ஒரே மேடுதான். திரும்பிப் பார்க்கக் கூடாது, கழுத்த ஆட்டக் கூடாது, பேச்சுக் குடுக்கறதே தப்பு, உங்களுக்காகத்தான் பேசறேன். நான் தனியாத்தானுங்க கத்துக்கிட்டேன். என் பின்னாடி யாரும் நின்னதில்ல. எனக்குத் தேவைப்படல.

ஐநூறு ஆச்சு.

கதவுச் சத்தம் கேக்குது. உங்க மெம்பருங்களா? வரட்டும் வரட்டும். பெண்கள் நேரந்தான், தெரியும், இது முடிஞ்சதும் எந்திரிச்சுர்றேன். நடுவுல எந்திரிக்கறது பழக்கமில்ல. கால், முதுகு, கை. செருப்ப விட்டுட்டு வர்றாங்களாட்ட இருக்குது. ஒண்ணு, ரெண்டு. நெறையப் பேர் வர்றாங்க உங்களுக்கு. நல்ல விஷயம்.

வணக்கமுங்க. திரும்ப முடியல, மன்னிச்சுக்குங்க.



ஆயிரம். மேடம், அந்த ஓடற மெஷின யாரும் போடலையா? வந்தவங்க எங்க போனாங்க? என்ற பின்னாடி நிக்கறாங்களா? ஓ, பார்க்கறாங்களா. பார்க்கட்டும். கத்துக்கட்டும். கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. மூச்சுக் காத்து கழுத்துல படுது. தள்ளி நின்னா நல்லது.

ஷட்டர் சத்தமா அது? எதுக்குங்க எறக்கறீங்க, வெயிலுக்கா?

இந்தத் திரை கோளாறுங்க மேடம். இப்ப வரைக்கும் சரியா இருந்துச்சு. பாருங்க, நடுவுல பள்ளம் விழுது. இல்ல, நான் சரியாத்தான் இழுக்கறேன், கால், முதுகு, கை, மெஷின்தான் தப்பாக் காட்டுது. மறுபடியும் ரெண்டு மேடு. சங்கிலிக்கு எண்ணெய் விடுங்க. எனக்கு இப்படி வந்ததே இல்ல. வேணும்னா நீங்களே என் தோளப் பாருங்க, எறங்கித்தானே இருக்குது? இடது தோள். எறங்கித்தானே இருக்குது?

ஒருத்தராவது முன்னாடி வாங்களேன். எல்லாரும் பின்னாடியே நின்னா எப்படி.

கை வழுக்குதுங்க. நிறுத்திக்கறேன் மேடம். மெஷின் சரியில்ல, இதுல ஓட்டிப் பிரயோசனம் இல்ல, நான் எந்திரிச்சுக்க…

யாரது?

இப்ப சொன்னது யாருங்க? மேடம், நீங்க இல்ல, உங்க கொரல் எனக்குத் தெரியும். இன்னும் அறுநூறு இருக்குது, முடிங்கன்னு சொன்னது யாரு?

அம்மணி?

வாணி, நீயா? கொரல்ல நடுக்கமே இல்லையே. நீதானா?

திரும்பல. திரும்ப மாட்டேன். ஓட்டறேன். ஓட்டறேன்னு சொல்றனில்ல. கால், முதுகு, கை. ரெண்டரை நிமிஷந்தானே. கை, முதுகு, கால். முடிச்சதும் பேசலாம். முடிச்சதும் என்னன்னு மட்டும் சொல்லு. மேடம், நீங்களாவது சொல்லுங்க, நான் திரும்பக் கூடாதில்ல.

எத்தனை பேருங்க நிக்கறீங்க, என் பின்னாடி?